நான்கு துறைக்கு நான்கு கட்டடமா? ஆய்வு வளாகம் பற்றி வாசகர் கேள்விகள்

கல்லூரி நிர்வாகத்தில் இருப்பவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் என்று இந்த முறை பலரும் ஒரே விஷயத்தைச் சுற்றிக் கேட்டிருக்கிறார்கள்: இடம் கொஞ்சம்தான் இருக்கிறது, அதில் ஆராய்ச்சி வளாகத்துக்கு மாஸ்டர் பிளான் போடுவது எப்படி? எல்லாவற்றுக்கும் இங்கேயே சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எங்கள் கல்லூரிக்குப் பின்னால் 6 ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் ஆராய்ச்சிக்கென்று தனி வளாகம் கட்டப்போகிறோம். வேதியியல், உயிரித் தொழில்நுட்பம், மெட்டீரியல் சயன்ஸ், எலக்ட்ரானிக்ஸ் என நான்கு துறையும் தனித்தனிக் கட்டடம் கேட்கின்றன. ஆளுக்கு ஒரு மூலையைக் கொடுத்துவிட்டால் சண்டை வராது என்கிறார் எங்கள் இன்ஜினியர். சரியா?
(அறக்கட்டளை உறுப்பினர், கோவை)

பதில்: வேண்டாம் ஐயா. சண்டை வராது என்பது உண்மைதான், ஆனால் நிலமும் மிஞ்சாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு துறைக்கு 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் என்று வைத்தால் கட்டடம் உட்காரும் இடம் 600 சதுர மீட்டர். சுற்றிலும் தீயணைப்பு வண்டி வந்து போக 6 மீட்டர் பாதை விட்டால் அது 42-க்கு 32 ஆகிறது, அதாவது 1,344 சதுர மீட்டர். கட்டடத்தைவிட அதைச் சுற்றியுள்ள பாதை பெரிது! நான்குக்கும் சேர்த்து 5,376. அதே நான்கையும் ஒட்டவைத்து 60-க்கு 40 என ஒரே கட்டடமாக்கினால், பாதையோடு 72-க்கு 52, மொத்தம் 3,744 சதுர மீட்டரில் முடிந்துவிடும். மிச்சம் ஏறக்குறைய 40 சென்ட். இரண்டு கட்டடங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் நடுப்பாதையைப் பகிர்ந்துகொள்ளலாம், மூலைக்கு ஒன்றாகப் போட்டால் அதற்கும் வழியில்லை.

பாதை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. நான்கு கட்டடம் என்றால் நான்கு டிரான்ஸ்ஃபார்மர் அறை, நான்கு ஜெனரேட்டர், எட்டுப் படிக்கட்டு, நான்கு செட் லிஃப்ட். அப்புறம் ஒவ்வொரு துறையும் தனக்கென்று ஒரு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் அறை கேட்கும், தனக்கென்று ஒரு செமினார் ஹால் கேட்கும், அந்த ஹால் வாரத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். சின்ன நிலத்தில் இடத்தைத் தின்பது ஆய்வகங்கள் இல்லை, அவற்றுக்கு நடுவே விடுகிற சந்துகளும் இரட்டை இரட்டையாகக் கட்டுகிற துணை அறைகளும்தான். இந்தப் பக்கத்தில் இன்று நான் சொல்வது எல்லாமே இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கும்.

40 மீட்டர் அகலமான கட்டடத்தில் நடுப்பகுதி இருட்டாகிவிடுமே என்று உங்கள் இன்ஜினியர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் ஆய்வுக்கூடத்தில் வெளிச்சம் வேண்டாத அறைகள் நிறைய உண்டு. குளிர் அறை, ஃப்ரீசர் வரிசை, மைக்ராஸ்கோப் அறை, செல் வளர்க்கும் அறை, லேசர் அறை எல்லாவற்றையும் நடுவில் தள்ளிவிட்டு, மனிதர்கள் உட்கார்ந்து வேலை செய்யும் மேசைகளை ஜன்னல் ஓரம் போடுங்கள். நடுவே வானம் தெரிய ஒரு முற்றம் விட்டால் இன்னும் நல்லது.

நிலத் தட்டுப்பாட்டுக்குச் சிங்கப்பூரைவிட நல்ல உதாரணம் கிடையாது. நாடே 700 சொச்சம் சதுர கிலோமீட்டர்தான். அங்கே வன்-நார்த் என்று சுமார் 200 ஹெக்டேரில் ஒரு ஆராய்ச்சிப் பகுதி, அதற்கு மாஸ்டர் பிளான் போட்டது கட்டடக் கலைஞர் ஜஹா ஹதீதின் நிறுவனம். அதற்குள் உயிரியல் ஆராய்ச்சிக்கென்று பயோபொலிஸ். முதல் கட்டம் 2003-ல் திறந்தபோது 7 கட்டடங்கள், நெருக்கமாக, மேலே ஒன்றுக்கொன்று பாலம் போட்டு இணைத்தவை. அரசு ஆய்வு நிறுவனங்களும் தனியார் கம்பெனிகளும் ஒரே கூட்டத்துக்குள் இருந்துகொண்டு விலையுயர்ந்த கருவிகளையும் பொதுவசதிகளையும் பகிர்ந்துகொள்கின்றன. நாட்டுக்கே இடம் போதாத ஊரில்கூட எல்லாவற்றையும் ஒரே கோபுரமாக அடுக்காமல் பாலத்தால் இணைத்திருக்கிறார்கள், இதைக் கவனியுங்கள். தனித்தனிப் பெயர் வேண்டும் என்று கேட்கிற துறைகளுக்கு இது ஒரு நல்ல சமாதானமும்கூட: வாசல் உங்களுடையது, பெயர்ப்பலகை உங்களுடையது, ஆனால் மூன்றாவது மாடியில் எல்லோரும் ஒரே தெருவில்தான் நடக்கிறீர்கள்.

எனவே முதல் வரைபடத்தில் துறைப் பெயர்களையே எழுதாதீர்கள். இன்னும் 40 வருஷத்துக்கு நகராத விஷயங்களை மட்டும் வரையுங்கள்: மின்சாரமும் தண்ணீரும் எங்கே உள்ளே வருகின்றன, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, லாரி எங்கே வந்து நிற்கும், ஆட்கள் நடக்கும் பிரதானப் பாதை எது, எந்த இடத்தைக் காலியாக விடப்போகிறோம். பிறகு ஆய்வகங்களை 3.3 மீட்டர் அளவில் பங்கு போடுங்கள். இரண்டு பக்கம் மேசையும் நடுவே இரண்டு பேர் முதுகு இடிக்காமல் நடக்கிற வழியும் வைத்தால் அந்த அளவுதான் வரும். பில்லரை 6.6 மீட்டருக்கு ஒன்று வையுங்கள். இன்றைக்கு வேதியியல் இருக்கும் இடத்தில் நாளைக்கு எலக்ட்ரானிக்ஸ் வந்தாலும் சுவரை மட்டும் மாற்றினால் போதும், பில்லர் குறுக்கே நிற்காது.

கேள்வி: ஆய்வகத்துக்கு ஏன் 15 அடி உயரம் கேட்கிறார்கள்? வகுப்பறை மாதிரி 11 அடி வைத்தால் அதே உயரத்தில் இன்னொரு மாடி கிடைக்குமே?
(ஆராய்ச்சி மாணவி, திருச்சி)

பதில்: நீங்கள் வேலை செய்யும் லேபில் ரசாயனப் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் ஃபியூம் ஹூட் இருக்கும் இல்லையா, அதற்கு மேலே நிமிர்ந்து பாருங்கள் அம்மா. 6 அடி அகலமுள்ள ஒரு ஹூட் நிமிடத்துக்குச் சுமார் ஆயிரம் கன அடி காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. 20-க்கு 20 அறை, 10 அடி உயரம் என்றால் மொத்தக் காற்றே 4,000 கன அடிதான். ஒரே ஒரு ஹூட் நான்கு நிமிடத்தில் உங்கள் அறைக் காற்று முழுவதையும் வெளியே கொட்டிவிடுகிறது, அதுவும் ஏசி போட்டுக் குளிரவைத்த காற்று. போனது போக அதே அளவு புதுக் காற்று வேறு குழாய் வழியாக உள்ளே வரவேண்டும். ஆயிரம் கன அடி போக ஏறக்குறைய 12 அங்குல விட்டமுள்ள குழாய் வேண்டும். வருவதற்கு ஒன்று, போவதற்கு ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே தாண்டவேண்டிய இடத்தில் இரண்டடி, அதற்கு மேலே பீம், கீழே தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய், கேபிள் தட்டு, ஸ்பிரிங்க்ளர். 11 அடியில் இத்தனையும் வந்தால் உங்கள் தலைக்கு மேலே 7 அடிதான் மிஞ்சும்.

உயரத்தைக் குறைத்தவர்கள் பிறகு என்ன செய்கிறார்கள் என்பதைப் பல கல்லூரிகளில் பார்க்கலாம். புது ஹூட் வரும், குழாய் போக வழியிருக்காது, ஜன்னல் கண்ணாடியை எடுத்துவிட்டு அது வழியாகக் குழாயை வெளியே நீட்டி, சுவர் ஓரமாக மாடி வரைக்கும் ஏற்றிவிடுவார்கள். மேல்மாடி ஜன்னலைத் திறந்தால் கீழ்மாடி ஆசிட் வாசம்.

இதைச் சரியாகச் செய்தவர் லூயி கான் என்ற கட்டடக் கலைஞர். அமெரிக்காவில் லா ஹோயா என்ற ஊரில் அவர் வடிவமைத்த சால்க் ஆய்வு நிறுவனம் 1965-ல் முடிந்தது. ஒவ்வொரு ஆய்வகத் தளத்துக்கும் மேலே குழாய்களுக்கென்றே ஒரு முழு சர்வீஸ் தளம், ஆள் நிமிர்ந்து நடக்கிற மாதிரி 9 அடி உயரம். ஆய்வகத் தளம் 65 அடி அகலம், 245 அடி நீளம், நடுவில் ஒரு பில்லர்கூடக் கிடையாது. குழாய் மாற்றவேண்டும் என்றால் பிளம்பர் மேல் தளத்தில் வேலை செய்துகொண்டிருப்பார், கீழே சோதனை பாட்டுக்கு நடக்கும். அங்கே தட்டுப்பாடு நிலத்துக்கு இல்லை, கட்டட உயரத்துக்குத்தான் கட்டுப்பாடு இருந்தது. அதற்காக அவர் மாடி உயரத்தைக் குறைக்கவில்லை, கீழ் இரண்டு தளங்களைத் தரைக்குள் இறக்கி, பக்கத்தில் பெரிய வெளிச்சக் கிணறு தோண்டிச் சூரிய வெளிச்சம் கொடுத்தார்.

முழு சர்வீஸ் தளம் நம் பட்ஜெட்டுக்குத் தாங்காது என்பது எனக்கும் தெரியும். தளத்துக்குத் தளம் 4.5 மீட்டர், குழாய் ஏற கட்டடத்தின் ஓரத்தில் தாராளமான ஷாஃப்ட், அதில் இன்றைக்கே கால்வாசி காலியாக. இது போதும். தமிழ்நாட்டு விதிப்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால் உயர் கட்டடம், அனுமதியும் தீயணைப்பு ஏற்பாடும் வேறு கணக்கு. 4.5 மீட்டர் வைத்தால் அதற்குள் தரைத்தளத்தோடு நான்கு தளம் வரும், 3.6 வைத்தால் ஐந்து வரும். அந்த ஐந்தாவது தளத்துக்கு ஆசைப்பட்டு நான்கு தளத்தையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான் என் கருத்து. அலுவலகம், நூலகம், கம்ப்யூட்டர் வேலை போன்றவற்றுக்கு உயரம் வேண்டாம், அவற்றைப் பக்கத்திலேயே 3.6 மீட்டரில் தனி வரிசையாக அடுக்கி நடுவில் பாலம் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: மேலே போக முடியாவிட்டால் கீழே போகலாமே? இரண்டு பேஸ்மென்ட் போட்டு மெஷின் எல்லாம் அங்கே வைத்தால்?
(கட்டட ஒப்பந்தக்காரர், வேளச்சேரி)

பதில்: லண்டனில் அப்படித்தான் செய்தார்கள். செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 2016-ல் திறந்த பிரான்சிஸ் கிரிக் இன்ஸ்டிட்யூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தரைக்குக் கீழேதான், நான்கு தளம் ஆழத்துக்கு. அக்கம்பக்கத்தில் வீடுகள், கட்டடம் மேலே ரொம்ப உயர்ந்து நின்றால் அவர்களுக்கு வெளிச்சம் போகும். நுட்பமான கருவிகளுக்கும் மண்ணோடு ஒட்டிய தளம்தான் ஒத்துவரும். ஆனால் பக்கத்திலேயே ரயில் ஓடுவதால் அதிர்வைத் தடுக்கத் தனியாக மெனக்கெட வேண்டியிருந்தது.

அதிர்வு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். நம் காலுக்கு அதிர்வு தெரிய ஆரம்பிப்பது நொடிக்குச் சுமார் 100 மைக்ரோமீட்டர் வேகத்தில். நல்ல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு அது 3 மைக்ரோமீட்டருக்குள் இருக்கவேண்டும். லிஃப்ட் மோட்டார், பம்ப், சில்லர், வெளியே வேகத்தடையில் ஏறி இறங்குகிற பஸ், எல்லாமே அதற்கு எதிரி. எனவே கிடைக்கும் தரைத்தள இடத்தை ரிசப்ஷனுக்கும் நிர்வாக அலுவலகத்துக்கும் கொடுத்துவிடாதீர்கள். ரோட்டிலிருந்து தள்ளி இருக்கிற பின்பக்கத் தரைத்தளத்தை இந்தக் கருவிகளுக்கு ஒதுக்கி, அவற்றின் ஸ்லாபைக் கட்டடத்திலிருந்து பிரித்துத் தனியாக ஊற்றுங்கள்.

சரி, வேளச்சேரியிலிருந்து எழுதுகிற உங்களுக்கு நான் தண்ணீரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த ஊர். வெளிநாட்டிலும் இதே கதைதான். 2001-ல் அலிசன் புயல் மழையில் ஹூஸ்டன் மருத்துவ வளாகத்திலும், 2012-ல் சாண்டி புயலில் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வுக்கூடத்திலும் அடித்தளத்தில் தண்ணீர் புகுந்து ஆயிரக்கணக்கான ஆய்வு விலங்குகள் மூழ்கிச் செத்தன, சிலருடைய பல வருஷ ஆராய்ச்சி ஒரே இரவில் போனது. கடலோரத்திலோ ஏரிப் பக்கத்திலோ கட்டினால் பேஸ்மென்ட்டில் கார் நிற்கலாம், பழைய மேசை நாற்காலி இருக்கலாம். ஜெனரேட்டர், மின் பேனல், ஃப்ரீசர், விலங்குகள் இருக்கவே கூடாது. இதில் எனக்கு சமரசமே கிடையாது. பணம் மிச்சமாகிறது என்று யாராவது கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஆர்க்கிடெக்ட் நடுவில் நான்கு மாடி உயரத்துக்கு ஒரு ஏட்ரியம் காட்டுகிறார். விஞ்ஞானிகள் சந்தித்துப் பேசத்தானாம். இடமே இல்லாதபோது இது வீண் இல்லையா?
(பேராசிரியர், மதுரை)

பதில்: சந்திக்கவேண்டும் என்பது வீண் இல்லை, அதற்கு நான்கு மாடி வெற்றிடம் தேவை என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எம்.ஐ.டி.யில் தாமஸ் ஆலன் என்ற பேராசிரியர் 1970-களில் ஆராய்ச்சி நிறுவனங்களில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று ஆராய்ந்தார். மேசைக்கு மேசை தூரம் கூடக்கூடப் பேச்சு சரசரவென்று குறைகிறது, 50 மீட்டர் தாண்டினால் பக்கத்துக் கட்டடமும் பக்கத்து ஊரும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பது அவர் கண்டது. இந்த விஷயத்தில் நிலம் குறைவாக இருப்பது உங்களுக்கு லாபம், பெரிய வளாகக்காரர்களுக்கு இது கிடைக்காது.

கேம்பிரிட்ஜில் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தை நடத்திய மேக்ஸ் பெரூட்ஸ், ஆய்வகத்துக்கு அடுத்தபடியாகக் கவலைப்பட்டது கேன்டீனைப் பற்றி. காலைக் காபி, மதியச் சாப்பாடு, சாயங்கால டீ என்று மூன்று வேளையும் எல்லோரும் ஒரே இடத்துக்கு வரவேண்டும் என்று நினைத்தார். அவர் மனைவி ஜிசெலாதான் இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கேன்டீனைப் பார்த்துக்கொண்டார். நோபல் பரிசுகள் குவிந்த இடம் அது. நீங்களும் ஒரே ஒரு கேன்டீன் வையுங்கள், துறைக்கு ஒரு டீக்கடை திறக்கவிடாதீர்கள். அப்புறம் படிக்கட்டு: வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, இரண்டு பேர் நின்று பேசினாலும் மூன்றாவது ஆள் தாண்டிப் போகிற அகலத்தில், திருப்பத்தில் ஒரு ஜன்னலும் எழுதுகிற பலகையும். லிஃப்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள், ஆனால் நடக்க முடியாதவர்கள் தேடி அலையும்படி வைக்காதீர்கள்.

கேள்வி: கார் பார்க்கிங்குக்கு எவ்வளவு இடம் விடலாம்?
(வாசகர், சேலம்)

பதில்: வழியோடு சேர்த்து ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் பிடிக்கும். 200 கார் என்றால் 5,000 முதல் 6,000 வரை. முதல் கேள்வியில் வந்த 6 ஏக்கர், அதாவது சுமார் 24,000 சதுர மீட்டரில், கால்வாசி போய்விடுகிறது! விதி கேட்கிற எண்ணிக்கையை கேட் பக்கத்திலேயே அடுக்குப் பார்க்கிங்காகக் கட்டிவிட்டு, உள்ளே வண்டி நுழையாமல் செய்யுங்கள். உள்ளே தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், சரக்கு லாரி மூன்றுக்கும் மட்டும் வழி.

கேள்வி: சைட் முழுக்கப் பழைய மரங்கள். வெட்டாமல் முடியுமா?
(வாசகி, சென்னை)

பதில்: முடியும், மரங்களை முதலில் அளந்தால். எந்த மரம் எங்கே, தண்டு எவ்வளவு, கிளை எதுவரை என்று சர்வேயில் ஏற்றிய பிறகுதான் ஆர்க்கிடெக்ட் பென்சிலை எடுக்கவேண்டும். உங்கள் ஊரிலேயே பாருங்கள், ஐ.ஐ.டி. வளாகம் 600 ஏக்கருக்கு மேல், ஆனால் பெரும்பகுதி காடு, பக்கத்திலேயே கிண்டி தேசியப் பூங்கா, மானும் வெளிமானும் திரிகிற இடம். அதன் ரிசர்ச் பார்க் அந்தக் காட்டுக்குள் பரவாமல், தரமணிப் பக்கம் சுமார் பதினொன்றரை ஏக்கரில் கோபுரங்களாக நிற்கிறது. கட்டடப் பரப்பு 12 லட்சம் சதுர அடி அளவு, நிலத்தைப்போல இரண்டே கால் மடங்குக்கு மேல். கம்பெனிக்காரர்கள் ரோட்டிலிருந்து நேராக வருகிறார்கள், பேராசிரியர்களும் மாணவர்களும் வளாகத்திலிருந்து பக்கத்தில் வந்துவிடுகிறார்கள்.

கேள்வி: பாதிப் பணம்தான் இப்போது இருக்கிறது. கட்டம் கட்டமாகக் கட்டினால் மாஸ்டர் பிளான் கெட்டுப்போகாதா?
(நிர்வாக அலுவலர், திருநெல்வேலி)

பதில்: முதல் கட்டத்தில் எதைக் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கண்ணுக்குத் தெரிகிற முகப்புக் கட்டடத்தை முதலில் முடித்துவிட்டு, சப்ஸ்டேஷன், தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர் சுத்திகரிப்பு எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம் என்று விட்டால் கெடும். மண்ணுக்குள் போகிறதை முழு வளாகத்துக்கும் இன்றைக்கே போடுங்கள்: கேபிள் டக்ட், மழைநீர்க் கால்வாய், குழாய்ப் பாதை. சப்ஸ்டேஷன் அறையைப் பெரிதாகக் கட்டி, டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் இப்போதைக்கு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பயோபொலிஸ்கூட ஒரே மூச்சில் எழுந்ததில்லை, 2003-ல் ஏழு, 2006-ல் இன்னும் இரண்டு என்று வளர்ந்தது.

இன்னொன்று, இதுதான் எல்லோரும் விட்டுவிடுவது. ஒரு கட்டடம் உட்காரும் அளவுக்கு ஓர் இடத்தைக் காலியாக வையுங்கள். 20 வருஷம் கழித்துப் பழைய கட்டடத்தைச் சீரமைக்கவேண்டி வரும்போது ஆய்வுகளை நிறுத்த முடியாது, ஃப்ரீசரில் இருக்கிற மாதிரிகள் காத்திருக்காது. காலி இடத்தில் புதிதாகக் கட்டி, பழையதிலிருந்து அங்கே மாற்றி, பழையதை இடித்தால் அதுவே அடுத்த காலி இடம். இப்படியே வளாகம் சுற்றிச் சுற்றிப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் காலி இடத்தைக் கண்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. முதலில் தற்காலிக சைக்கிள் ஷெட் வரும், அப்புறம் ஒரு விருந்தினர் விடுதி, அப்புறம் நன்கொடையாளர் பெயரில் ஒரு அரங்கம். எனவே ஆட்சிக்குழுத் தீர்மானமாக எழுதி, வரைபடத்தில் அந்தச் சதுரத்துக்குக் கட்டட எண் கொடுத்து, அதற்கான கேபிளையும் குழாயையும் அதன் விளிம்பு வரை இழுத்து நிறுத்திவிடுங்கள். எண்ணும் இணைப்பும் இருக்கிற இடத்தை எடுக்க ஆட்கள் கொஞ்சம் தயங்குவார்கள்.

கேள்வி: கேஸ் சிலிண்டர், ரசாயனக் கழிவு எல்லாம் எங்கே வைப்பது?
(லேப் டெக்னீஷியன், வேலூர்)

பதில்: இதை நீங்கள் கேட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம், கமிட்டியில் யாரும் கேட்பதில்லை. கட்டடத்துக்கு வெளியே, பின்பக்கம், கூரை போட்டு நான்கு பக்கமும் காற்றோடும் கம்பிவலைக் கூண்டு. எரியும் வாயுவும் ஆக்சிஜனும் தனித்தனிப் பகுதியில், ஒவ்வொரு சிலிண்டரும் சங்கிலி போட்டு. திரவ நைட்ரஜன் டேங்க் அதே வரிசையில், லாரி ரிவர்ஸ் எடுக்காமல் வந்து நிரப்பிவிட்டுப் போகிற மாதிரி. கழிவு அறைக்குத் தனிக் கதவு, கீழே கொட்டினால் வடிகாலுக்குப் போகாத தொட்டித்தரை. லேபுக்குள் குழாய் வழியாக கேஸ் வரட்டும், சிலிண்டரை லிஃப்டில் ஆளோடு சேர்த்து ஏற்றும் பழக்கம் வேண்டாம். இந்த யார்டுக்கு இடத்தை முதல் வரைபடத்திலேயே வாங்கிவிடுங்கள், கட்டடம் முடிந்த பிறகு கேட்டால் கேன்டீன் ஜன்னலுக்கு வெளியேதான் கிடைக்கும்.